காவிரியின் இருகரையிற் குடியிருப்பு

காவிரியாறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, வடபால் கொள்ளிடமென்றும் தென்பால் காவிரியென்றும் பெயர்பெற்று ஓட, அவ்விரண்டின் நடுவே தீவாகக் கிடப்பது ஸ்ரீரங்கம் எனப்படும் திருவரங்கம். தென்கரையில் மலைக்கோட்டையைச் சூழ்ந்து எழுந்தது திருச்சிராப்பள்ளி. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பாலத்தின் வழியே கால்நடையாகவே சென்றுவிடலாம். 1994-ஆம் ஆண்டில் திருவரங்கம், பொன்மலை ஆகிய நகராட்சிகள் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பெற்று மாநகராட்சி அமைந்தது. ஆதலின் சட்டப்படி இரண்டும் இன்று ஓரூரே. ஆயினும் குடியிருக்க வீடு தேடிச் செல்வோர்க்கு அவை இன்னும் ஈரூர்களாகவே இருக்கின்றன. அங்ஙனம் தேடுவோர் ஆதிதிராவிடர், அருந்ததியர் முதலிய தாழ்த்தப்பட்ட குலங்களிற் பிறந்தோராயின், அவர்க்கு எவ்வூர் ஏற்றது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் மாணவரிற் பலர் விடுதியில் இடம் கிட்டாது வெளியில் அறை தேடுகின்றனராதலின், இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று.

இவ்வொப்பீடு புதியதுமன்று. இதனைத் தம் வாழ்வாலேயே செய்து காட்டியவர் திருப்பாணாழ்வார். அவர் வளர்ந்தது உறையூரில். அஃது இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதி. பாணர் குலத்தவராதலின் அவர் அரங்கத் தீவில் அடிவைக்க அஞ்சித் தென்கரையில் நின்றே யாழிசைத்துப் பாடிவந்தார் என்றும், நீர் முகக்க வந்த உலோகசாரங்கர் அவரை விலகச் சொல்லிக் கல்லெறிந்தார் என்றும், பின்னர் இறைவன் ஆணையால் அவரே பாணரைத் தம் தோள்மேல் சுமந்து திருமுன் கொணர்ந்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். பத்துப் பாசுரங்களாலாகிய ‘அமலனாதிபிரான்’ அப்போது பிறந்தது என்பர். இவ்வரலாற்றைப் படிப்போர் தோளிற் சுமந்த பெருமையையே வியப்பர். யாம் வேறொன்றை நினைக்கிறோம். தோள்மேற் சென்றவர் பாதம் திருவரங்கத்து வீதியிற் படவில்லை. பாடி முடித்த அளவில் அவர் இறைவனோடு கலந்துவிட்டார். அவ்வூரில் ஓர் இரவேனும் தங்க இடம் கேட்கும் நிலை அவர்க்கு நேரவேயில்லை.

அந்நிலை நேர்ந்தோர் கதை வேறு. ஆளவந்தாரின் மாணாக்கராகிய மாறனேரி நம்பி தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவர் மறைந்தபோது பெரிய நம்பி தாமே முன்னின்று ஈமக்கடன் செய்தார். அதற்காக ஊரார் பெரிய நம்பியையே விலக்கி வைத்தனர் என்பது வைணவ மரபு வழங்கும் செய்தி. பெரிய நம்பி இராமாநுசர்க்கு ஆசிரியர் என்பதை நினைவிற் கொண்டால், அவ்வூரின் கட்டுப்பாடு எத்துணைக் கடியது என்பது விளங்கும். வைணவம் சாதியைக் கடந்து பேசியது உண்மை. வைணவத்தின் தலைநகரோ தன் தெருக்களைச் சாதிப்படியே வகுத்துக்கொண்டது.

அவ்வகுப்பைத் திருவரங்கத்தின் அமைப்பே காட்டும். கோயிலுக்குத் திருச்சுற்றுகள் ஏழு. உட்சுற்றுகளிற் சந்நிதிகளும் மண்டபங்களும் இருக்க, வெளிச்சுற்றுகள் மூன்றில் மக்கள் வாழும் வீதிகள் உள்ளன. அவை உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என்பன. கோயில் மதிலுக்குள்ளேயே ஊர் குடியிருப்பது உலகில் அரிய காட்சி. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் நெடுங்காலம் அந்தணரே பெரும்பாலும் வாழ்ந்தனர். வெளியே செல்லச் செல்லப் பிற தொழிலாளர் வீடுகள் வரும். சேரிகளோ மதில்களுக்கெல்லாம் புறம்பே, வயல்களை அடுத்துக் கிடந்தன. ஒருவன் எந்த மதிலுக்குள் வாழ்கிறான் என்றறிந்தால் அவன் குலத்தை அறிந்துவிடலாம் என்னும்படி இருந்த ஊர் அது.

இவ்வேலிகளுள் இரண்டு சட்டத்தால் அகன்றன. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லார்க்கும் உரிமை உண்டென்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்து நிறைவேற்றுவித்தார். 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிற் கதவைத் திறந்தது. இன்று வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் வழியே நுழையும் கூட்டத்தில் இன்னார் இன்ன குலத்தார் என்று பிரித்தறிய ஒருவராலும் இயலாது. வீதி திறந்தது, கோயில் திறந்தது. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள வீட்டுக் கதவைப் பற்றியே யாம் பேசுகிறோம்.

இலால்குடி வட்டத்துச் சிற்றூரொன்றிலிருந்து வந்த எம் தோழர் ஒருவர், படிப்பிற்கு அமைதியான இடம் வேண்டுமென்று திருவரங்கத்தில் அறை தேடினார். யாமும் உடன் சென்றோம். அகன்ற தெருக்களும், இனிய கிணற்று நீரும், விடியலிற் கேட்கும் திருப்பாவையும் எமக்கும் பெரிதும் பிடித்திருந்தன. நான்கு வீடுகள் பார்த்தோம். எவ்விடத்தும் எவரும் கடுஞ்சொல் கூறினாரல்லர். திண்ணையில் அமரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மோரும் தந்தார்கள். வினாக்கள் மட்டும் ஒரே வரிசையில் வந்தன. “தம்பிக்குச் சொந்த ஊர் எது?” “ஊரில் எந்தத் தெரு?” “அப்பா என்ன செய்கிறார்?” மூன்றாம் வினாவிற்கு விடை கூறியபின், அறை முன்னரே வேறொருவர்க்குச் சொல்லப்பட்டுவிட்டதாகத் தெரியவந்தது. ஒரு வீட்டில் மட்டும், ஊன் உண்பவர்க்கு இடமில்லை என்று காரணம் கூறினர். எம் தோழரோ பிறவிமுதல் ஊன் தொடாதவர். உடன் சென்ற எம்மைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

இதற்குச் சட்டம் இல்லையோ எனின், உண்டு. தீண்டாமையை ஒழித்தது அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு. அதனை நடைமுறைப்படுத்த எழுந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டம், எப்பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ பெறவோ அதில் வாழவோ தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீட்டு வாடகையில் நிறவேற்றுமையைத் தடுத்த சட்டம் 1968-இல்தான் வந்தது. இவ்வகையில் நாம் பதின்மூன்றாண்டு முந்தினோம் என்று பெருமை கொள்ளலாம். ஆனால், அறை வேறொருவர்க்குப் போயிற்று என்று புன்னகையோடு கூறும் வீட்டுக்காரரை எந்தக் காவல் நிலையத்தில் எவ்வாறு நிறுத்துவது?

இனித் தென்கரைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளி ஓர் ஒழுங்கிற் கட்டப்பட்ட ஊரன்று. கோட்டையும் கடைவீதியும் ஒருபுறம், உறையூர் நெசவாளர் தெருக்கள் ஒருபுறம், ஆங்கிலேயர் படைவீடாயிருந்த கண்டோன்மெண்டு ஒருபுறம், பாலக்கரையும் வரகனேரியும் ஒருபுறமாக, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்கு எழுந்தவை கூடி நகராயின. இவற்றிலும் சாதித் தெருக்கள் உண்டு. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகள் தனியே ஒதுங்கி நிற்பதை யாரும் காணலாம். எனினும் இந்நகரிற் பிறிதொரு வகைக் குடியிருப்புத் தோன்றிற்று. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

தென்னிந்திய இரயில்வே நிறுவனம் நாகப்பட்டினத்திலிருந்த தன் தொழிற்சாலையைப் பொன்மலைக்கு மாற்றியது. 1928 அளவில் அது முழுதும் இங்கு இயங்கலாயிற்று. தொழிலாளர்க்கென வரிசை வரிசையாக வீடுகள் கட்டப்பட்டன. வீடு யார்க்கு என்பதைத் தீர்மானித்தது பதவித் தரமும் பணிக்காலமுமே. அலுவலகத்துக் குமாஸ்தா பேரேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார். தொழிலாளி சாவியைப் பெற்றுக்கொண்டு போவார். அடுத்த வீட்டில் எவர் இருப்பார் என்று கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை. கடைநிலை வேலைகளில் தாழ்த்தப்பட்டோரே மிகுதியாக இருந்தமையால், சிறு வீட்டு வரிசைகளில் அவர்களே மிகுந்திருந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. தரம் சில இடங்களிற் சாதியின் நிழலாகவே விழுந்தது. 1943-இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த காலத்து மத்திய அரசுப் பணிகளில் அவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது. அதன்பின் மேல்தரப் பணிகளுக்கும் அவர்கள் ஏற, பெரிய வீடுகளின் சாவிகளும் அவர்கள் கைக்கு வரலாயின. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர்நீத்தனர். அவர்களை இன்றும் ஊர் சாதி சொல்லி நினைப்பதில்லை. சங்கத்தின் பெயர் சொல்லியே நினைக்கிறது.

1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் எழுந்த பாரத மிகுமின் நிலையத்தின் நகரியமும் இம்முறையையே பின்பற்றியது. அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெருப்பெயரால் குலமறியும் வித்தை தெரியாது. ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு என்று பகுதிப் பெயரையே அவர்கள் கூறுவர்.

ஆயின் அச்சாவி என்றேனும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. முப்பத்தைந்தாண்டு அந்நிழலில் வாழ்ந்த ஒருவர் ஓய்வுபெறும் நாளில், சாமான்களை வண்டியிலேற்றிக்கொண்டு, இளமையில் தப்பிவந்த அதே வினாவை மீண்டும் எதிர்கொள்கிறார். மனை வாங்கப் பொருள் சேர்த்தோர் காட்டூர்ப் பக்கமும் பிற புறநகர்களிலும் வீடு கட்டிக்கொண்டனர். சேர்க்க இயலாதோர் வாடகை வீடு தேடுகின்றனர். திருச்சிராப்பள்ளி நன்றெனக் கூறுவோர், அந்நன்மை நகரத்தார் நெஞ்சிலிருந்து வந்ததா, அலுவலகப் பேரேட்டிலிருந்து வந்ததா என்று பிரித்தறிதல் வேண்டும். பெரும்பகுதி பேரேட்டினதே என்பது எம் கருத்து. வாடகைக்கு விடும் சாதாரணத் தெருக்களிலும் இந்நகரம் திருவரங்கத்தினும் மேம்பட்டது என்பது மெய்தான். எம் தோழர்க்கு ஈற்றில் பாலக்கரையில் அறை கிடைத்தது. அவ்வீட்டுக்காரர் ஊரைக் கேட்கவில்லை, முன்பணத்தை மட்டுமே கேட்டார். பலவூர் மக்கள் வந்து குழுமும் நகரில், வாடகைப் பணத்தின் நிறம் ஒன்றே என்பதை வீட்டுக்காரர் விரைவிற் கற்றுக்கொள்கிறார்.

அமெரிக்கத் தென்னாட்டிலும் இவ்வகை ஒப்பீடு உண்டு. அங்குக் கறுப்பின மக்கள் வாழ்வதற்கு பர்மிங்ஹாம் கொடியது, அட்லாண்டா நல்லது என்று பேசப்பட்டது. பர்மிங்ஹாமில் எத்தெருவில் எந்நிறத்தார் வாழலாம் என்பதை நகரச் சட்டமே வகுத்திருந்தது. 1963-இல் அந்நகரின் தேவாலயமொன்றில் வைத்த வெடியால் நான்கு சிறுமியர் மாண்டனர். அட்லாண்டாவிலோ கறுப்பினத்தார்க்கெனக் கல்லூரிகளும் வங்கியும் வாணிகத் தெருவும் செழித்திருந்தன. அந்த அட்லாண்டாவே 1962 டிசம்பரில், வெள்ளையர் பகுதிக்குள் கறுப்பினத்தார் வீடு வாங்கி வராதபடி பெய்ட்டன் சாலையின் குறுக்கே தடுப்புச் சுவர் எழுப்பிற்று. நீதிமன்றத் தீர்ப்பால் அது சில மாதங்களிலேயே அகற்றப்பட்டது. நல்லதெனப் பெயரெடுத்த நகரிலும் அத்தகைய சுவர் எழலாம் என்பதை அறியவே இதனை எடுத்துரைத்தோம்.

நம் நல்ல நகரத்திலும் ஒரு சுவர் உண்டு. மேலப்புதூரிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தாழ்த்தப்பட்ட குலத்துக் கிறிஸ்தவர் கல்லறைகளையும் பிறர் கல்லறைகளையும் பிரித்து நடுவே சுவரெழுப்பியிருந்ததைப் பத்திரிகைகள் பன்முறை எழுதியுள்ளன. அதனை இடிக்க முயன்றோரும் உளர், வழக்காடியோரும் உளர். திருவரங்கத்தாரைக் குறைகூறும்முன் கிறிஸ்தவராகிய யாம் இச்சுவரின் முன் சற்று நிற்க வேண்டியவர்களாகிறோம். சீர்திருத்தச் சபையாரும் தப்பினாரல்லர். கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியைச் சிறிதும் தாமதியாது அடியோடு விட்டொழிக்க வேண்டுமென்று 1833-இல் நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பலர் சாதியை விடாது சபையை விட்டனர். திருவரங்கத்துத் திண்ணையில் “எந்தத் தெரு” என்று வந்த வினா, கிறிஸ்தவர் வீட்டில் “எந்தப் பங்கு” என்று வருகிறது. விடையிலிருந்து பெறும் செய்தி ஒன்றே. அரசும் இதற்கொரு முடிச்சிட்டு வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராயினோர் பட்டியல் வகுப்பினராகக் கொள்ளப்படார். பின்னர்ச் சீக்கியர்க்கும் பௌத்தர்க்கும் விலக்களித்த திருத்தங்கள் கிறிஸ்தவர்க்கு வரவில்லை. ஆகவே அரசு ஏட்டிற் சாதியற்றவராகவும், கல்லறையிற் சாதியுள்ளவராகவும் இவர்கள் இருக்கின்றனர்.

இவ்வளவும் கண்டபின் எவ்வூர் ஏற்றதென வினவும் புதுமாணாக்கர்க்கு யாம் தென்கரையையே கூறுவோம். அறை விரைவிற் கிடைக்கும், வேலைக்கும் வழியுண்டு, திருவரங்கத்திலோ கோயிலைச் சார்ந்த தொழில்களே மிகுதி. ஆயினும் மதிலுக்குள் இருக்கும் பழைய வீடுகள் பல கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறிவருகின்றன. அடுக்குமாடி வீடுகளும் எழுகின்றன. பத்தாண்டு சென்று இதே பொருளை எழுதுவோர் வேறுவகையாக எழுதவும் கூடும்.

தமிழக அரசு 1997-இல் அறிவித்த பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டத்தில் ஊர் ஒன்றிற்கு நூறு வீடுகள். அவற்றில் 40 ஆதிதிராவிடர்க்கும், பிற்பட்டோர்க்கும் மிகப்பிற்பட்டோர்க்கும் 25 வீதமும், ஏனையோர்க்கு 10-உம் எனப் பங்கிட்டு, வீடுகளைக் கலந்தே ஒதுக்கினர். முதற் சமத்துவபுரம் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. அத்திட்டத்தில் எம் கண்ணில் முதலிற் பட்டது வீடுகளின் எண்ணிக்கையன்று. நூறு குடும்பத்திற்கும் சேர்த்து ஒரே இடுகாடு வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.