அவகாடோவில் விசிறியும் ரோஜாவும்: செய்முறையும் சொல்வளமும்



செய்முறையை விளக்கும் கட்டுரை என்றதும் பலர் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் ஓட்டிவிடுவார்கள். ‘பழத்தை வெட்டவும், பிறகு வெட்டவும், மீண்டும் வெட்டவும்.’ படிக்கிறவருக்கு எப்படி வெட்டுவது என்பது கடைசிவரை தெரியாது. உணவுத் தட்டை அலங்கரிக்க அவகாடோவை எடுத்துக்கொண்டால் இந்தக் குறை உடனே வெளிப்படும். இங்கே அரிவது வேறு, கீறுவது வேறு, சீவுவது வேறு. சொல்லை மாற்றிப் போட்டால் பழம் குழைந்துவிடும். சில சமயம் கையும் வெட்டுப்படும்.

ராசா, சிரம்பான் வட்டாரத்தில் தோட்டங்களாக இருந்த பல இடங்கள் இன்று தாமான்களாகிவிட்டன. விருந்துத் தட்டு அலங்காரமும் மாறிவிட்டது. வெள்ளரிக்காய் வளையம், தக்காளிப் பூ, தண்ணீரில் போட்டுச் சுருட்டிய வெங்காயத் தாள் இவையெல்லாம் நம் வீடுகளுக்குப் பழக்கமானவை. அவகாடோ அண்மையில் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் இதை வெண்ணெய்ப் பழம் என்பார்கள், இலங்கையில் ஆனைக்கொய்யா. கட்டுரையில் எதை எழுதினாலும் சரிதான். ஆனால் தொடக்கத்தில் ஒன்றைத் தேர்ந்து, முடிவுவரை அதையே எழுதுங்க.

முதலில் பதம். பாதி வேலை இதில்தான் இருக்கிறது. அவகாடோ மரத்திலேயே கனியாது, பறித்த பிறகுதான் கனியும். ஹாஸ் என்ற வகையில் பச்சைத் தோல் கறுத்துக்கொண்டே வரும். வேறு சில வகைகள் கனிந்தும் பச்சையாகவே இருக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்க. லேசாக இடம் கொடுத்தால் போதும். விரல் பதிந்து பள்ளம் விழுந்தால் அது ஜூஸுக்குத்தான் ஆகும். கல் மாதிரி இருந்தால் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் இரண்டு மூன்று நாள் வையுங்க. வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு இதையும் கனிய வைக்கும்.

தோலைத்தான் சாப்பிடப் போவதில்லையே என்று கழுவாமல் விடாதீங்க. தோலில் இருக்கும் கிருமியைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும். கழுவித் துடைத்தபின் பழத்தைப் பலகையில் கிடத்தி, கத்தி கொட்டையைத் தொடும்வரை நீளவாக்கில் சுற்றி வகிர்ந்துகொள்ளுங்க. இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் பிரிந்துவிடும்.

கொட்டையை எடுக்கும் இடத்தில் ஆசிரியர்கள் கண்டிப்பாக அருகில் நிற்க வேண்டும். பழத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, கத்தியால் கொட்டையில் ஓங்கிக் கொத்தி எடுப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீங்க. கத்தி வழுக்கினால் உள்ளங்கையில்தான் இறங்கும். 2017-இல் பிரிட்டன் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இந்தப் பழத்துக்கு எச்சரிக்கை ஒட்டு வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு இந்தக் காயம் அங்கே பெருகியிருந்தது. மாணவர்களுக்குக் கரண்டி போதும். கொட்டையின் ஓரத்தில் நுழைத்து நெம்பினால் வந்துவிடும். பிறகு தோலைக் கையால் உரியுங்க. பதமான பழமாக இருந்தால் முழுசாகக் கழன்று வரும்.

விசிறி எளிது. பாதிப் பழத்தைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்க. குறுகிய முனையில் ஒரு விரற்கடை விட்டுவிட்டு, மீதியை நீளவாக்கில் மெல்லிய வில்லைகளாக அரியுங்க. முனை அறுபடக் கூடாது. உள்ளங்கையால் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினால் விரிந்து நிற்கும்.

ரோஜாவுக்குப் பொறுமை வேண்டும். அதே பாதிப் பழத்தை இம்முறை குறுக்குவாக்கில், இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், கடைசிவரை அரிய வேண்டும். வில்லைகளைக் கலைக்காமல், ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி சாய்த்து நகர்த்திக்கொண்டே போனால் நீண்ட பட்டையாக வரும். அதன்மேல் லிமாவ் காஸ்தூரிச் சாறு தடவுங்க. ஒரு முனையை உள்பக்கமாகச் சுருட்டி, மீதிப் பட்டையை அதைச் சுற்றிக் கொண்டுவந்தால் பூ. அகலமான கத்தியை அடியில் நுழைத்துத் தூக்கித் தட்டுக்கு மாற்றுங்க. பட்டை ஒடிந்தால் பழம் இன்னும் கனியவில்லை, கத்தியில் அப்பிக்கொண்டால் கனிந்தது மிகுதி. சற்றுக் காயாக இருக்கும் பழத்தைத் தோல் சீவியால் நாடாவாகச் சீவியும் சுருட்டலாம்.

அந்தச் சாறு ஏன் என்று மாணவர்கள் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்க. வெட்டிய சதையில் காற்று பட்டதும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்குகிறது, நிறம் பழுப்பாகிறது. புளிப்பு அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. ஆகவே கறி, மீஹூன், சாலட் எல்லாம் தயாரான பிறகு, பரிமாறும் முன்புதான் பூவைச் செய்ய வேண்டும். முழுப் பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பல நாள் வைக்கும் வழக்கம் இணையத்தில் பரவியபோது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் அது வேண்டாம் என்று எச்சரித்தது. தோலில் உள்ள கிருமி தண்ணீரில் பெருகும் என்பதே காரணம். கொதிக்கும் குழம்பின்மேலும் இதை வைக்காதீங்க, வடிவம் குலைந்துவிடும்.

இனி எழுத்துக்கு வருவோம். ‘அவகாடோவை வெட்டி ரோஜா செய்ய வேண்டும்’ என்பது தகவல் மட்டுமே. ‘தோல் உரித்த பாதிப் பழத்தைக் குறுக்குவாக்கில் மெல்லிய வில்லைகளாக அரிந்து, அவற்றைக் கலையாமல் சாய்த்துப் பட்டையாக்க வேண்டும்’ என்பதுதான் விளக்கம். திசை, கனம், எச்சரிக்கை மூன்றும் அதில் வந்துவிட்டன. ‘அரி’ என்ற சொல் மாணவர்களுக்குப் புதிதாகத் தோன்றினால் அரிவாள்மனையை நினைவூட்டுங்க, பாட்டி வீட்டில் பார்த்திருப்பார்கள். வகிர், உரி, அரி, சீவு, நெம்பு ஆகியவற்றைக் கையால் செய்துகாட்டி, பார்த்ததை உடனே எழுதச் சொல்லுங்க.

ஆளுக்கொரு அவகாடோ வாங்குவது வகுப்புக்குக் கட்டுப்படியாகாது. செங்காயாக இருக்கும் மாம்பழத்தில் ரோஜாவைப் பழகலாம், விசிறிக்கு வெள்ளரிக்காய் போதும். அவகாடோ ஒன்று இரண்டு வாங்கி, ஆசிரியர் செய்துகாட்டும்போது வெட்டுங்க. உடைந்த வில்லைகளைப் பாலும் சீனியும் சேர்த்து அடித்தால் வகுப்புக்கே ஆளுக்கு ஒரு வாய் கிடைக்கும்.