உங்கள் முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மிரட்டல்

அனுப்பியவர் இடத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியே இருக்கிறது. தலைப்பில் நீங்கள் எப்போதோ பயன்படுத்திய பாஸ்வேர்டு. உள்ளே போனால், ‘பல மாதங்களாக உன் கணினிக்குள் இருக்கிறேன். நீ ஆபாசத் தளம் பார்த்தபோது உன் கேமரா வழியாகவே உன்னைப் படம் பிடித்துவிட்டேன். 48 மணி நேரத்துக்குள் பிட்காயின் வரவில்லை என்றால் உன் சொந்தக்காரர், சக ஊழியர் எல்லோருக்கும் அந்த வீடியோ போகும்’ என்ற ரீதியில் ஒரு கடிதம். பாஸ்வேர்டு சரியாக இருக்கிறதே என்ற எண்ணம் வந்ததுமே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பயப்பட வேண்டாம். மொத்தமாக அனுப்பப்படும் இந்த வகைக் கடிதத்துக்குப் பின்னால் வீடியோ எதுவும் இருப்பதில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் பயம் தானாக இறங்கும்.

முதலில் அந்த அனுப்புநர் முகவரி. மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதினார். அன்றைய இணையம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் புழங்கிய சிறிய உலகம். அனுப்புகிறவர் பொய் சொல்வார் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தபால் உறையின் ஓரத்தில் ‘அனுப்புநர்’ என்று யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் சரிபார்ப்பதில்லை அல்லவா? இங்கும் அதே கதைதான். நம் திரையில் தெரியும் ‘ஃப்ரம்’ வரியை அனுப்புகிறவரே தட்டச்சு செய்கிறார். அங்கே உங்கள் முகவரியை எழுத உங்கள் கணக்குக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் ‘சென்ட்’ பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தக் கடிதம் அங்கே இருக்காது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று ஒரு தேர்வு வரும். அதில் கடிதத்தின் முழுத் தலைப்புப் பகுதியும் விரியும். ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். கடிதம் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே மேலே சேர்க்கும் என்பதால், பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழே உள்ள வரிகளை மோசடிக்காரர் புனைந்து வைத்திருக்கலாம். உங்கள் மின்னஞ்சல் நிறுவனமே எழுதிய மேல் வரிகளை நம்பலாம். கடிதத்தை அதன் வாசலில் கொண்டுவந்து கொடுத்த இயந்திரத்தின் ஐபி எண் அங்கே பதிவாகியிருக்கும். அது பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டில், வைரஸ் தொற்றிய யாரோ ஒருவரின் கணினியாக இருக்கும். அதன் சொந்தக்காரருக்கே விஷயம் தெரியாது. இப்படிச் சிக்கிய கணினிகளின் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர். ஃபோர்பிக்ஸ் என்ற பாட்நெட் மணிக்கு 30,000 மிரட்டல் கடிதங்கள் வரை அனுப்புவதை செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் கண்டறிந்தார்கள். அந்த வேகத்தில் எந்த மனிதன் யாருடைய கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

அதே பக்கத்தின் உச்சியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவுகளும் இருக்கும். ஒரு முகவரியின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்பதை எஸ்பிஎஃப் பார்க்கிறது. கடிதத்தில் இருக்கும் மின் கையொப்பத்தை டிகேஐஎம் சரிபார்க்கிறது. இந்த இரண்டில் ஒன்றாவது, திரையில் தெரியும் ‘ஃப்ரம்’ முகவரியோடு பொருந்துகிறதா என்று டிமார்க் கேட்கிறது. உங்கள் பெயரில் வந்த போலிக் கடிதத்தில் டிமார்க் எதிரே ‘ஃபெயில்’ என்று இருந்தால் விஷயம் முடிந்தது.

அப்படியானால் பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? பழைய திருட்டுகளிலிருந்து. லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012-இல் களவுபோன தகவல்களில், சுமார் 11.7 கோடிப் பேரின் முகவரியும் பாஸ்வேர்டும் 2016-இல் விற்பனைக்கு வந்தன. இப்படிப் பல தளங்களிலிருந்து கசிந்த பட்டியல்கள் கள்ளச் சந்தையில் சுற்றுகின்றன. 2018 ஜூலையில் உலகம் முழுக்கப் பரவிய மிரட்டல் அலை, அப்படிப்பட்ட பட்டியல்களை ஒரே கடித வார்ப்பில் வரிசையாகச் செருகி அனுப்பியதுதான். டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று சொல்லிவிடும். அந்த பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் இன்றே மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள். இந்த விவகாரத்தில் உண்மையான ஆபத்து, கசிந்த பாஸ்வேர்டு இன்னும் பயன்பாட்டில் இருப்பது ஒன்றுதான்.

இப்போது வரும் கடிதங்களில் வீட்டின் தெருப்படத்தை ஒட்டுகிறார்கள், பெகாசஸ் உளவு மென்பொருளைப் போட்டுவிட்டதாகப் பீற்றிக்கொள்கிறார்கள். ஜோடனை மாறியிருக்கிறது, சரக்கு அதேதான்.

கேமராவை உண்மையிலேயே கைப்பற்றிய குற்றங்களும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2013-இல் அழகிப் போட்டியில் வென்ற இளம்பெண் ஒருவரை, அவருடைய கணினிக் கேமரா வழியாகவே படம் எடுத்து மிரட்டிய கல்லூரி மாணவன் பிடிபட்டான். அவன் படங்களை ஆதாரமாக அனுப்பித்தான் மிரட்டினான். மொத்தமாக அனுப்பப்படும் கடிதங்களில் கேமராவில் எடுத்த ஒரு படம்கூட இருக்காது. கையில் படம் வைத்திருப்பவன் அதைக் காட்டாமல் பழைய பாஸ்வேர்டைக் காட்டுவானா?

இந்த மோசடி ஓடுவது தொழில்நுட்பத்தால் அல்ல, வெட்கத்தால். யாரிடமும் சொல்ல முடியாதே என்று ராத்திரி முழுக்கப் புழுங்கி, விடியற்காலையில் பணத்தை அனுப்பிவிடுபவர்களை நம்பித்தான் இது நடக்கிறது. கல்லூரிப் பையன் முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர் வரை யாருக்கு வேண்டுமானாலும் இது வரும். வீட்டில் ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால் மெல்லக் கேளுங்கள். வந்தது உங்களுக்கு என்றால் பணம் அனுப்பாதீர்கள், பதில் எழுதாதீர்கள். பதில் போனால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது, பயந்தும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். புகார் செய்வதானால் கடிதத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிட்காயின் முகவரியும் முழுத் தலைப்புப் பகுதியும் காவல்துறைக்குப் பயன்படும்.

சொந்த டொமைனில் மின்னஞ்சல் நடத்தும் கடைக்காரர்களும் பள்ளிகளும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிமார்க் பதிவில் கொள்கையை ‘ரிஜெக்ட்’ என்று வைத்தால், உங்கள் பெயரில் வரும் போலிக் கடிதங்களை அந்தச் சோதனையை மதிக்கும் சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். ‘நன்’ என்று வைத்தால் சோதனை நடக்கும், ஆனால் தடை இருக்காது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இதை இந்த வாரமே கேளுங்கள்.

வீடியோ அழைப்பில் பேசிப் பழகிய ஒருவர், நீங்கள் அனுப்பிய படத்தையே காட்டி மிரட்டினால் அது வேறு வகைக் குற்றம். அங்கே படம் உண்மை. ஆனாலும் பணம் கொடுத்தால் அடுத்த தவணை கேட்பார்கள். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு இந்தியாவில் 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களை அங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். 18 வயது நிறைந்தவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளமும் உதவும். அது படத்தை உங்கள் கருவியிலேயே வைத்துக்கொண்டு, அதன் எண் அடையாளத்தை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்பி, அங்கே அந்தப் படம் பரவாமல் தடுக்க வழி செய்கிறது.