ஏரி இருந்த ஊர்

பனகல் பூங்காவருகே பட்டுப் புடவை வாங்கச் செல்லும் நேயர்களே, தங்கள் காலடியில் இருப்பது ஓர் ஏரிப்பாசனப் பிரதேசம்! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியே மாம்பலம் கிராமத்துக்கு உயிராக இருந்தது. 1923-ல் வீட்டுமனைத் திட்டம் வந்தது, வயல்கள் வீதிகளாயின, பின்னர் ஏரியும் தூர்க்கப்பட்டது. 1925-ல் காலமான ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை நகர் பெற்றது. புதிய குடித்தனக்காரர்கள் சங்கீதமும் பொதுக்கூட்டமுமாக ஊரை வளர்த்தார்கள். 1946 ஜனவரியில் மகாத்மா இங்கே ஹிந்தி பிரசார சபையில் தங்கினார். பிரார்த்தனைக்கு ஜனங்கள் திரண்டனர்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் உண்டு, ஏரிதான் இல்லை. எனினும், 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தை மறவாமல் தேடி வந்து, வீட்டுக் கூடங்களில் புகுந்து நின்றது.