பழைய லாரியில் முதலீடா? இன்ஜினுக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க!



"சம்பளம் மட்டும் பத்தல. மாமாவோட சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கி ஓடவிடலாமா?" நாமக்கல், சங்ககிரி பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. விலை, இன்ஜின், டயர் எல்லாம் விசாரிச்சிருப்பாங்க. "பிரேக் என்ன வகை?"ன்னு கேட்டா பதில் வராது.

என்னென்ன வகை?

சாதா ஹைட்ராலிக்: டிரைவரோட கால் பலம்தான் எல்லாம். பாகங்கள் கம்மி, ரிப்பேர் செலவும் கம்மி. ஆனா வேகம் இரண்டு மடங்கானா, பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. முழு லோடுக்கு வெறும் கால் போதாது.

பூஸ்டர் வைத்தது: வாக்குவம் அல்லது காற்று, காலுக்குத் துணை நிற்கும். டீசல் இன்ஜினில் வாக்குவத்துக்குத் தனி பம்ப் வேணும். அதுவும் தேயும்.

முழு ஏர் பிரேக்: கம்ப்ரஸர், டேங்க், வால்வு எனப் பாகங்கள் அதிகம். கனரக வண்டிக்கு ஏற்றது இதுதான்.

டீசல் மிச்சம், உயிர் நஷ்டம்

தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க சிலர் நியூட்ரலில் விடுவாங்க, இன்ஜினையே அணைப்பாங்க. நியூட்ரலில் இன்ஜின் பிரேக்கிங் போயிடும். இன்ஜினை அணைச்சா பம்பும் கம்ப்ரஸரும் நின்னுடும். மிச்சமிருக்கிற வாக்குவம் சில மிதிகளில் தீர்ந்ததும் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். டிரைவர்கிட்ட இதைக் கண்டிப்பா பேசிடுங்க.

வாங்கும் முன் 3 சோதனை (வண்டி சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை வச்சு)

1. வாக்குவம் பூஸ்டரா? இன்ஜினை அணைச்சு, பெடல் இறுகும்வரை மிதிங்க. மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டரிலோ பம்பிலோ கோளாறு.
2. ஹைட்ராலிக்கா? பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெல்ல அமுங்கிட்டே போனா கசிவு இருக்கலாம்.
3. ஏர் பிரேக்கா? காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைச்சு கேஜைப் பாருங்க. முள் சரசரன்னு இறங்கினா லீக்.

பிறகு ஒரு மெக்கானிக்கிட்ட எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைச்சுப் பேசுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

வருமான வரிச் சட்டத்தின் உத்தேச வருமான முறையில், 12 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு எடுத்துக்குவாங்க. 16 டன் வண்டின்னா வருஷத்துக்கு 1,92,000 ரூபாய். உண்மையான வருமானம் அதைவிட அதிகம்னு காட்டினா அதுதான் கணக்கு. இது உங்க சம்பளத்தோட சேரும். முக்கியமா, இந்த முறையில் பிரேக் ரிப்பேர் செலவைத் தனியா கழிக்க முடியாது. பிரேக்குக்குப் போற ஒவ்வொரு ரூபாயும் உங்க பாக்கெட்டிலிருந்துதான்.

8 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்கணும். எஃப்சி இல்லாத வண்டி விபத்தில் சிக்கினா இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு பண்ணும். மாமா ஓட்டினாலும், ஆர்சியில் உங்க பேர் இருந்தா நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

என் கருத்து: பூஸ்டர் இல்லாத கனரக லாரி எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம். நல்ல பிரேக்குக்குப் பட்ஜெட் இல்லைன்னா, லாரிக்கே பட்ஜெட் இல்லைன்னு அர்த்தம்.

இந்த வரிக் கணக்கை நம்ம சேனல் வீடியோவில் விரிவா பார்க்கலாம். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க!