சமய சமூகத்தில் வளரும் இளையோர்: தக்கலை வட்டாரம் காட்டும் பயன்கள்

பள்ளிக்கூடம் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து உட்கார வைக்கிறது. வழிபாட்டுத் தலத்தில் அந்தப் பிரிவு இல்லை. எட்டு வயதுச் சிறுவனும் எண்பது வயது முதியவரும் அங்கே ஒன்றாகக் கூடுகிறார்கள். சமய சமூகத்தில் வளரும் இளையோர் அடையும் பயன்களில் பல இந்தக் கலப்பிலிருந்து வருபவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை வட்டாரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பீர்முகம்மது அப்பா தர்கா, வேளிமலை குமாரகோவில், பல சபைகளின் தேவாலயங்கள், அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் நிழல் தாங்கல்கள் (வழிபாட்டு இடங்கள்) ஆகியவை இங்கே அருகருகே உள்ளன.

முதல் பயன் கல்வி. இங்கிலாந்தின் குளூசெஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரம் முழுவதும் உழைத்த ஏழைச் சிறுவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியான தென் திருவிதாங்கூரில் 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே முதலான லண்டன் மிஷன் ஊழியர்கள் ஆலயத்தோடு பள்ளியையும் நிறுவினர். இன்று சி.எஸ்.ஐ. சபைகளில் ஓய்வுநாள் பள்ளி, கத்தோலிக்கக் கோவில்களில் மறைக்கல்வி, பள்ளிவாசல்களில் மதரசா, இந்துக் கோவில்களில் வெள்ளிமலை இந்து தர்ம வித்யாபீடத்தின் சமய வகுப்பு என்று வகுப்புகள் நடக்கின்றன. நேற்றுவரை மாணவராக இருந்தவர் இங்கே விரைவில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆகிறார். கூட்டத்தின் முன் கூச்சமின்றிப் பேசவும் பாடவும் பலர் முதலில் பழகுவது இந்த வகுப்புகளில்தான்.

இரண்டாவது பயன் மொழியும் மரபும். பீர்முகம்மது அப்பா நெசவுத் தொழில் செய்த சூஃபிக் கவிஞர். அவரது ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் ரஜப் மாத விழாவின்போது இரவு முழுவதும் தர்காவில் கூட்டாகப் பாடப்படுகிறது. பெரியவர்களின் பக்கத்தில் உட்காரும் பையன்கள் பாட்டின் ராகத்தையும் பழந்தமிழ்ச் சொற்களையும் காதுவழியே பிடித்துக்கொள்கிறார்கள். அய்யாவழித் தலங்களில் 17 நாள் நடக்கும் திருஏடு வாசிப்பும் (அகிலத்திரட்டு நூலை ஓதுதல்) இதே வேலையைச் செய்கிறது.

மூன்றாவது பயன் பொறுப்பு. ஆலயத்தில் அசனம் என்னும் பொது விருந்து நடத்துவதை எடுத்துக்கொள்ளலாம். வரி பிரிக்க வேண்டும், அரிசிக்கும் காய்கறிக்கும் கணக்குப் போட வேண்டும், முந்தின இரவே காய் நறுக்கி அடுப்பு மூட்ட வேண்டும், பந்தியில் யாரும் விடுபடாமல் பரிமாற வேண்டும், முடிந்தபின் வரவு செலவை ஒப்படைக்க வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பங்கு வாலிபர்களுடையது. வேளிமலைக்குக் காவடி புறப்படும்போது கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் தண்ணீர் கொடுப்பதும் இத்தகைய பயிற்சியே.

நான்காவது பயன் ஆதரவு. வீட்டில் நோயோ சாவோ நேர்ந்தால் கேட்காமலே வந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்கள். வேலை தேடி வளைகுடா நாட்டுக்குப் போகும் இளைஞருக்கு அங்கேயும் சபையோ ஜமாஅத்தோ தெரிந்த முகங்களைக் காட்டுகிறது. பிழைப்புக்கு வழிகாட்டிய அமைப்புகளும் உண்டு. 1844-இல் லண்டனில் தொடங்கிய கிறித்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ., 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இதே மாவட்டத்தின் மார்த்தாண்டத்தில் கிராம மேம்பாட்டுப் பணியை நடத்தி, தேனீ வளர்ப்பைப் பரப்பியது.

இப்பயன்களை ஆய்வும் ஓரளவு காட்டுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிங் சென், டைலர் வாண்டர்வீல் ஆகியோர் அமெரிக்க இளையோர் 5,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். வாரந்தோறும் வழிபாட்டுக்குச் சென்று வளர்ந்தவர்களிடம் பிற்காலத்தில் மகிழ்ச்சியும் தொண்டுணர்வும் கூடுதலாகவும், போதைப்பொருள் பழக்கம் குறைவாகவும் இருந்தன. வழிபாடு மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் கணக்கு தக்கலைக்கு அப்படியே பொருந்தும் என்றும் கொள்ள முடியாது.

இந்தப் பிணைப்புக்குக் கெடுதலான பக்கமும் உண்டு. 1982-இல் இதே மாவட்டத்தின் மண்டைக்காட்டில் மூண்ட இந்து-கிறித்தவக் கலவரம் அண்டை அயலாரையே சமயத்தின் பெயரால் பிரித்தது. தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூல் தம் எழுத்துக்காக 2007-இல் ஜமாஅத்தின் ஊர்விலக்குக்கு ஆளானார். ஆகவே கேள்வி கேட்கும் இளைஞருக்கும் இடமிருப்பது, பிற சமயத்தாரோடு உறவு தொடர்வது, ஆண் பெண் இருவருக்கும் பொறுப்புகள் கிடைப்பது ஆகிய மூன்றும் அமைந்த சமூகங்களிலேயே மேற்சொன்ன பயன்கள் இளையோருக்கு முழுமையாகக் கிடைக்கும்.