உடலுக்குள்ளே கோடி அடுப்பு!

உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை உடை மாற்ற வேண்டும். நன்றாகத்தான் சாப்பிடுவார், உடம்போ துரும்பு!

ஸ்வீடன் தேசத்துப் பெண்மணி ஒருவருக்குச் சிறு வயது முதலே இந்தத் தொல்லை. அந்தக் குளிர் நாட்டில் இப்படி வியர்த்தால் யார்தான் திகைக்க மாட்டார்கள்? தைராய்டு சுரப்பியின் கோளாறாக இருக்குமோ என்று பார்த்தார்கள், அதுவல்ல. கடைசியில் ஸ்டாக்ஹோம் டாக்டர் ரால்ஃப் லுஃப்டும் அவருடைய சகாக்களும் அந்த அம்மாளின் தசையில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்தார்கள். 1962-ல் உண்மையை வெளியிட்டார்கள். கோளாறு இருந்த இடம் மைட்டோகாண்ட்ரியா!

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் குட்டி அடுப்புகள்தாம் அவை. உண்ட உணவைப் பிராணவாயுவின் துணையோடு எரித்து, உடலுக்குச் சக்தி தருகின்றன. அந்த அம்மாளின் உடலில் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. ஆனால் பானையில் சோறு வேகவில்லை! உஷ்ணமெல்லாம் வீண்.

வேறு சிலருக்கு அடுப்பே மங்கிவிடும். மூளை, கண், இருதயம், தசை ஆகியவற்றுக்குச் சக்தி அதிகம் தேவை. ஆகவே பெரும்பாலும் முதல் அடி அவற்றுக்குத்தான். ஒருவருக்குப் பார்வை மங்கும். இன்னொருவருக்கு வலிப்பு வரும். நோயைக் கண்டுபிடிப்பதற்கே பல வருஷங்கள் ஆகிவிடுவதுண்டு.

இந்த அடுப்புகள் நமக்குத் தாயிடமிருந்தே வருகின்றன. அவற்றுக்கென்று சொந்தமாக 37 மரபணுக்களும் உண்டு. "பார்த்தாயா, எல்லாம் தாய்வழிக் குற்றம்!" என்று யாராவது ஆரம்பித்தால், சற்று நிறுத்துங்கள். அடுப்புக்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு உத்தரவு உயிரணுவின் உட்கருவிலிருந்து வருகிறது. அதில் தகப்பனுக்கும் சரிபாதி பங்கு! தாய் வழியாகவே வந்தாலும், அது அவள் அறிந்து கொடுத்ததா என்ன? அவள் கர்ப்ப காலத்தில் எதையோ தின்றதாலும் வந்ததல்ல.

இந்த நோய்களை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் குழந்தைக்கு வராமல் தடுக்க ஒரு வழி பிறந்திருக்கிறது. தாய் தகப்பன் இருவரின் உட்கருப் பொருளை எடுத்து, நல்ல மைட்டோகாண்ட்ரியா உள்ள வேறொரு பெண்ணின் கருமுட்டையில் வைக்கிறார்கள். பிரிட்டன் 2015-ல் இதற்குச் சட்டம் இயற்றியது. இம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025 ஜூலையில் நியூகாசில் மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

முகஜாடை பெற்றவர்களுடையது, நெருப்பு மட்டும் இரவல். அடுத்த வீட்டில் தணல் வாங்கி அடுப்பு மூட்டுவது நம் பாட்டிமார்களுக்குப் புதிதா, என்ன?