அல்ஹாம்பிராவின் தகதிமி

கிட்டாரில் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்த முடியாது. நாதஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை நாதம் நிற்கும், வயலினில் வில் ஓடும்வரை நிற்கும். கிட்டார் தந்தியில் விரல் பட்டு விலகிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். பிரான்சிஸ்கோ தாரேகா (1852–1909) என்ற ஸ்பானியக் கலைஞர் எழுதிய 'ரெகுவெர்தோஸ் தெ லா அல்ஹாம்பிரா' என்ற உருப்படி இந்தக் குறையை மறைத்துக் காட்டும் ஒரு வித்தை. 'அல்ஹாம்பிராவின் நினைவுகள்' என்பது தலைப்பின் பொருள். அல்ஹாம்பிரா, கிரனாடா நகரத்தின் பழைய மூர் அரண்மனை. நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த உருப்படியைக் கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பதாகவே தோன்றும். ஒருவர் கீழே நிதானமாகத் தந்திகளை மீட்டிக்கொண்டு போகிறார், இன்னொருவர் மேலே அறுபடாத ஒரு மெட்டைப் பாடுகிறார். வாசிப்பது ஒரே ஆள். அந்த இரண்டு குரலையும் எழுப்புவது ஒரே வலக்கை.

வித்தையின் பெயர் டிரெமோலோ. கட்டைவிரல் ஒரு கீழ்த்தந்தியை மீட்டும். அது அடித்த உடனே மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மேல்தந்தியை மீட்டும். பிறகு மறுபடி கட்டைவிரல். இந்த நான்கும் சமமாக, வேகமாக விழுந்தால் மேல்தந்தியின் மூன்று அடிகளும் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட நாதமாகக் கேட்கும். கட்டைவிரல் அடிக்கும்போது மேலே விழும் சின்ன இடைவெளியைக் கேட்பவரின் காது தானே நிரப்பிக்கொள்கிறது. ஸ்பானியப் பாடநூல்கள் இந்த விரல்களுக்குப் புல்கார், அனுலார், மெதியோ, இந்திசே என்று பெயர் சொல்லி முதலெழுத்துகளால் குறிக்கும். தமிழ்நாட்டில் கற்பவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தகதிமி என்ற சொற்கட்டே போதும்: 'த' கட்டைவிரலுக்கு, 'கதிமி' மற்ற மூன்றுக்கும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். உருப்படி மூன்று தட்டுத் தாளத்தில் போகிறது. ஒரு தட்டுக்கு எட்டு அடி, அதாவது இரண்டு தகதிமி. ஒரு சுற்றுக்கு 24 அடி. அவற்றில் 6 கட்டைவிரலுக்கு, 18 மெட்டுக்கு. நிமிடத்துக்கு 72 தட்டு என்ற வேகத்தில் வாசித்தால் நொடிக்கு ஒன்பது அடிக்கும் மேல் வரும். சரளி வரிசை படித்தவருக்கு இது உடனே புரியும். முதல் காலத்தில் தட்டுக்கு ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாரேகா கேட்பது அதற்கும் ஒரு படி மேலே.

ஆனால் கஷ்டம் வேகத்தில் இல்லை. பெரும்பாலானவர்கள் சறுக்குவது சமத்தில். மோதிரவிரல் இயல்பிலேயே சுதந்திரம் குறைந்த விரல். நடுவிரலின் துணை இல்லாமல் அது தனியாக அசைவது கடினம். அதனால் அதன் அடி மெலிந்தோ தாமதித்தோ விழுகிறது, தகதிமி குதிரை நொண்டுவதுபோல் ஆகிவிடுகிறது. மெட்டு இரண்டாம் தந்திக்கு நகரும்போது தொல்லை இன்னும் கூடும். முதல் தந்தி ஓரத்தில் இருப்பதால் விரலுக்குத் தாராளமாக இடம் உண்டு. இரண்டாம் தந்திக்கு இருபுறமும் அண்டை வீட்டுக்காரர்கள். கொஞ்சம் அதிகமாக வீசினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். ஆகவே விரல் வீச்சு சிறிதாக இருக்க வேண்டும். அடித்த விரல் தூரப் போகாமல் தந்திக்குப் பக்கத்திலேயே தளர்ந்து திரும்ப வேண்டும். இதை வேகமாக வாசித்துக் கற்க முடியாது, ஏனென்றால் வேகத்தில் பிழை கேட்காது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும் அளவு மெதுவாக, தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒரு சொடுக்குக்கு ஓர் அடி என்று தொடங்கினால்தான் எந்த விரல் ஏமாற்றுகிறது என்று தெரியும்.

வாத்தியம் அயல், கற்கும் முறை நம்முடையது என்ற இந்தச் சேர்க்கை வடசென்னைக்குப் புதிதல்ல. திருவொற்றியூருக்கு மேற்கே இருக்கும் மணலியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதைவிடப் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியாரும் அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய முதலியார் குடும்பத்தின் வழியாகத் தீட்சிதரின் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழி சாகித்தியம் அமைத்தார். அவைதான் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படும் நோட்டு ஸ்வரங்கள். இளையவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) வயலினையே கையில் எடுத்தார். ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி பாலுசுவாமிக்கு மூன்றாண்டு பாடம் நடத்தப்பட்டது. அதன்பிறகே அவர் அதில் கர்நாடக இசையை வாசித்தார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாகவும் ஆனார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் கற்பனை செய்வதே கடினம்.

வயலின் வளைந்து கொடுத்தது. உட்காரும் முறை மாறியது, சுருதி சேர்க்கும் முறையும் மாறியது. கிட்டாரையும் அப்படி வளைத்தவர்கள் உண்டு. மின்கிட்டாரில் ராகம் வாசிக்கும் 'கிட்டார்' பிரசன்னா தெரிந்த உதாரணம். ஆனால் தாரேகாவின் உருப்படியை வாசிக்க வேண்டுமானால் வளைய வேண்டியது கற்பவர்தான். எழுதிய விரலமைப்பு, எழுதிய ஸ்வரம், எழுதிய நீளம். கமகத்துக்கு அங்கே இடமில்லை.

வடசென்னைக் கடற்கரையில் உள்ள ராயபுரத்தின் பெயரே ராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது என்பார்கள். இந்தக் கரையோரத்தில் மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் பிடித்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. கார்டு பிடிக்கத் தெரிந்த இடக்கை இங்கே வீண்போகாது. இந்த உருப்படியின் இடக்கை வேலையில் பெரும்பகுதி கார்டு வடிவங்களைப் பிடித்துவைத்து அதிலிருந்து ஓரிரு விரலை நகர்த்துவதுதான். மறக்க வேண்டியது வலக்கைப் பழக்கத்தை. பிக் கொண்டு மேலும் கீழும் இழுப்பது இங்கே செல்லாது. வாத்தியமும் வேறு. கடைகளில் பரவலாகத் தொங்கும் இரும்புத்தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரின் கழுத்து ஒடுக்கமானது, தந்திகள் நெருக்கமானவை. கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்து சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், தந்தி நைலான். இரும்புத்தந்தியில் டிரெமோலோ பழகிப் பார்த்துவிட்டு 'எனக்கு வராது' என்று விட்டவர்களுக்குக் குறை விரலில் இல்லை.

கடற்கரை வாசத்துக்கு வேறு சில கவலைகளும் உண்டு. கிட்டார் மரத்துக்கு உகந்தது ஏறத்தாழ 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். எண்ணூர்ப் பக்கம் காற்று பெரும்பாலும் அதைவிட ஈரமாகவே இருக்கும். மரம் ஊதினால் மேற்பலகை எழும்பி, தந்தி கழுத்தைவிட்டு உயர்ந்து, இடக்கை அழுத்த வேண்டிய பலம் கூடிவிடும். மேல்தந்தி மூன்றும் வெறும் நைலான் என்பதால் துருப்பிடிக்காது. கீழ்த்தந்திகளோ நைலான் இழைமேல் வெள்ளிப்பூச்சுச் செம்புக் கம்பி சுற்றியவை. உப்புக்காற்றும் வியர்வையும் பட்டுக் கறுத்து ஒலி மங்கிப்போகும். வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுவது ஆகிய இரண்டையும் பழக்கமாக்கிக்கொண்டால் போதும். கிட்டார் சன்னமான வாத்தியம் என்பது இங்கே ஒரு சௌகரியம். ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருவில் விடியற்காலையில் வாசித்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டால், வாசிப்பவருக்கே கேட்காது என்பது வேறு விஷயம்.

நகம் தனிக்கதை. இன்றைய கிளாசிக்கல் கலைஞர்களில் பெரும்பாலோர் வலக்கை நகத்தைச் சில மில்லிமீட்டர் வளர்த்து, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். பகலெல்லாம் வலை இழுக்கிற, ஸ்பானர் பிடிக்கிற கையில் நகம் எங்கே தங்கும்? அந்தக் கையோடு கிட்டாரை அணுகுகிறவருக்கு நல்ல துணை தாரேகாவே. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையாலேயே வாசித்தார். அவருடைய மாணவர் எமிலியோ புஹோலும் அதே வழி. ஒலி கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான்.

இனிப் பயிற்சியின் வரிசை. முதலில் டிரெமோலோவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் இடக்கை பிடிக்கும் வடிவத்தைக் கண்டுபிடித்து, வலக்கையால் ஒரே பிடியாக மீட்டி, உருப்படி முழுவதையும் கார்டுகளின் வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து கட்டைவிரல் வரியை மட்டும் வாசிப்பது. பலர் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள், அது தவறு. அந்தக் கீழ்வரியே ஓர் அழகான பாட்டு. டிரெமோலோ அதன்மேல் போர்த்திய துணி. கட்டைவிரல் தன் நடையை உறுதியாக வைத்திருந்தால் மற்ற மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். மூன்றாவதாக, ஒரே தந்தியில், ஒரே கார்டில் தகதிமியைத் தினம் பத்து நிமிடம் தனியாகப் பழகுவது. அழுத்தத்தை ஒருநாள் 'த'வில், மறுநாள் 'க'வில், அடுத்த நாள் 'தி'யில் என்று மாற்றிப்போட்டால் நோஞ்சான் விரல் வெளிப்படும், பலமும் பெறும். இவையெல்லாம் வந்தபின்தான் இரண்டு கையையும் சேர்ப்பது.

சேர்க்கும்போதும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டிப் பார்க்கும் ஆசை பொல்லாதது. அப்படிச் செய்தால் முதல் பக்கம் நூறு தடவை வாசிக்கப்படும், கடைசிப் பக்கம் பத்து தடவை. கடைசி நான்கு சுற்றுகளை முதலில் படித்து, அதற்கு முந்தைய நான்கைப் பிறகு சேர்த்து, பின்னாலிருந்து முன்னால் வந்தால் வாசிப்பு எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகும். வேகத்தை மெட்ரோனோமில் இரண்டிரண்டு தட்டாகத்தான் கூட்ட வேண்டும். முன்கை இறுகினால் அன்றைக்கு அவ்வளவுதான். வலியோடு வாசிப்பதில் வீரம் ஒன்றும் இல்லை. நரம்பையும் தசைநாரையும் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிட்டாரைத் தொடாமல் இருக்க நேர்ந்த கலைஞர்கள் உலகெங்கும் உண்டு. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, இருபது நிமிடமாக மூன்று வேளை பழகுவது கைக்கு நல்லது, மனதிலும் நிற்கும்.

சென்னையில் இந்த வழியில் படிக்கிறவர்கள் வழக்கமாக லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு கிரேடு தேர்வுகளைப் பின்பற்றுகிறார்கள். அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், 1842இல் மிஸ்குயித் என்பவரின் பெயரில் தொடங்கிய பழைய நிறுவனம், இத்தேர்வுகளோடு நெடுங்காலத் தொடர்புடையது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். மேல் கிரேடுகளை எட்டிய மாணவரே தாரேகாவின் இந்த உருப்படியைத் துணிந்து எடுப்பது வழக்கம். அப்போதும் மாதங்கள் ஆகும்.

உருப்படி மைனரில் தொடங்குகிறது. பாதியில் அதே ஆதார ஸ்வரத்தின் மேஜருக்கு மாறுகிறது. இடக்கை அலைச்சல் அங்கே கொஞ்சம் தணியும் என்று நம்பி அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. வெளிச்சம் கூடும் அந்த இடத்தில்தான் டிரெமோலோவின் சமமின்மை இன்னும் அப்பட்டமாகக் கேட்கும். முடிவில் நடுக்கம் ஓய்ந்து, சில சாதாரண மேஜர் பிடிகளோடு உருப்படி நின்றுவிடும். பாடற்குழுவில் முதல் மாதம் சொல்லித்தரும் அதே 'ஏ மேஜர்' கார்டு அது.